குடியிருக்கும் வீடு விலைக்கு வந்தால்: இருப்பதா, கிளம்புவதா, வாங்குவதா?

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. பையன் பெங்களூர்லயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டான். வீட்டைக் குடுத்துடலாம்னு இருக்கறோமுங்க. தை பொறந்தா நீங்க வேற வீடு பார்த்துக்குங்க."

மார்கழி மாதம், விளக்கு வைக்கும் நேரம். கோவை சிங்காநல்லூரில் ஆறு வருடமாக நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளரம்மா வாசலில் நின்று இப்படிச் சொன்னார். அவர் குரலில் சங்கடம்தான் இருந்தது. எங்கள் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. அன்று ராத்திரி நானும் என் மனைவியும் எத்தனை நாளில் வேறு வீடு கிடைக்கும் என்பதைப் பற்றித்தான் பேசினோம். நமக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா என்று இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை.

தோன்றாததற்கு ஒரு பழைய அனுபவம் காரணம். அதற்கு முன் திருப்பூரில், அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக ஆறு வீடு, நடுவில் ஒரு குழாய், கோடியில் இரண்டு கழிப்பறை. அந்த லைனை ஒருவர் மொத்தமாகக் கிரயம் வாங்கினார். அடுத்த வாரமே வந்து, "பதினஞ்சு நாள்தான் சட்டம்" என்றார். எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. பன்னிரண்டாம் நாளே சாமான்களை ஏற்றிவிட்டோம். கொடுத்திருந்த 15,000 ரூபாய் அட்வான்ஸில் 12,000 நாலு தவணையாக வந்தது. மிச்சம் 3,000 வரவே இல்லை. பக்கத்து வீட்டில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவுக்கு அந்தப் பணமும் வரவில்லை. அந்த அக்கா இரண்டு குழந்தைகளோடு ஒரு வாரம் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தார். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

சிங்காநல்லூரில் இரண்டாம் முறை அதே நிலை வந்தபோது, வக்கீல் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். சட்டத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். குடியிருப்பவர் முன்னால் உண்மையில் நாலு வழிகள் இருக்கின்றன: புது உரிமையாளரின் கீழ் அப்படியே இருப்பது, பேசிக் கால அவகாசமும் பணமும் வாங்கிக்கொண்டு கிளம்புவது, அந்த வீட்டை நாமே வாங்குவது, ஒத்துவராத பட்சத்தில் சட்டப்படி எதிர்த்து நிற்பது. எது யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுச் சொல்லப் பார்க்கிறேன்.

விற்பது வேறு, காலி செய்வது வேறு

வீடு கை மாறினாலும் குடியிருப்பு தானாக முடிவதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 109-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். பழையவருக்கு இருந்த உரிமைகளோடு, வாடகைக்கு விட்டவர் என்ற கடமைகளும் அவருக்கு வந்து சேர்கின்றன. வீடு விற்ற சேதி தெரியாமல் நாம் பழைய ஓனருக்கே வாடகை கட்டியிருந்தால், அதைப் புதியவர் இன்னொரு முறை கேட்க முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

அப்படியானால் அந்தப் 'பதினஞ்சு நாள்' எங்கிருந்து வந்தது? அதே சட்டத்தின் 106-ஆம் பிரிவிலிருந்து. வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத மாத வாடகைக் குடியிருப்பை முடித்துக்கொள்ள 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது அது. நோட்டீஸ் கொடுப்பதற்கான கால அளவுதான் அது. பதினாறாம் நாள் சாமானைத் தூக்கி வெளியே வைக்கும் அதிகாரம் அதனால் யாருக்கும் வந்துவிடாது. சட்ட வழிக்குப் புறம்பாக ஒருவரை வெளியேற்றினால், வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வரலாம் என்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6-ஆம் பிரிவு சொல்கிறது. திருப்பூரில் எனக்கு இது தெரிந்திருந்தால், பன்னிரண்டாம் நாள் லாரி பிடித்திருக்க மாட்டேன்.

இதற்கு மேல் தமிழ்நாட்டுக்கென்று ஒரு வாடகைச் சட்டம் இருக்கிறது. 2017-இல் இயற்றி, 22.2.2019 முதல் நடைமுறைக்கு வந்தது. 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இது நீக்கிவிட்டது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். அதற்கு மேல் வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது குடியிருப்பவரை வெளியேற்ற வேண்டுமென்றால், சட்டம் பட்டியலிட்டுள்ள காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். வாடகை பாக்கி, வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடுவது, வீட்டைக் கெடுப்பது, இடித்துக் கட்டுவது, உரிமையாளரின் சொந்தத் தேவை என்று அந்தப் பட்டியல் போகிறது. 'விற்கப் போகிறேன்' என்பது மட்டுமே தனிக் காரணமாக அதில் இல்லை.

நம் பக்கத்துப் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுத்து ஒப்பந்தம் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று இதே சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி உரிமையாளர் வீட்டைத் திருப்பிக் கேட்கவும் முடியும். கொங்கு நாட்டில் பாதி வாடகை வீடுகள் வாய்ப்பேச்சில்தான் ஓடுகின்றன என்பது என் கண்ணால் பார்த்தது. "தெரிஞ்ச மனுசங்க, பத்திரம் எதுக்கு?" என்று ஆரம்பிக்கும் நம்பிக்கை, வீடு விலைக்கு வரும் நாளில் குடியிருப்பவரைக் கைவிட்டுவிடுகிறது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் முன், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தத்தில் இன்னும் காலம் மீதமிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. பதினோரு மாத ஸ்டாம்ப் பேப்பர் முடிந்துபோய் அப்படியே தொடர்கிறது என்றால், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம்தான் சட்டம் தாங்கும். எதுவுமே இல்லையென்றால், வாடகை அனுப்பிய ஜிபே விவரம், ரசீது, அந்த முகவரியில் உள்ள கேஸ் பில், ஆதார் என்று குடியிருப்பைக் காட்டும் எல்லாவற்றையும் முதலில் சேர்த்து வையுங்கள்.

அப்படியே இருப்பது

இந்த வழி ஒத்துவருமா என்பதை வாங்குபவர் யார் என்பதுதான் முடிவு செய்கிறது. ஆகவே புரோக்கரிடமோ ஓனரிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள்: "வாங்கறவங்க குடிவர்றாங்களா, வாடகைக்கு விடறாங்களா, இடிக்கறாங்களா?"

சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கம் வெளிநாட்டில் வேலை செய்பவர்களும் ஐடி கம்பெனிக்காரர்களும் முதலீட்டுக்கென்று வீடு வாங்குகிறார்கள். அவர்களுக்கு முதல் மாதத்திலிருந்தே வாடகை வர வேண்டும். ஒழுங்காக வாடகை கட்டும் குடும்பம் ஏற்கெனவே இருப்பது அவர்களுக்கு லாபம். என் நண்பர் ஒருவர் சரவணம்பட்டியில் இப்படித்தான் மூன்று ஓனர்களைப் பார்த்துவிட்டு அதே வீட்டில் இருக்கிறார். வாங்குபவர் தானே குடிவருகிறார் என்றால் சொந்தத் தேவை என்று வாடகை நீதிமன்றம் போக அவருக்கு வழி உண்டு. ஆகவே இங்கே இருப்பது சில மாதங்களுக்கான ஏற்பாடுதான். பழைய ஓட்டு வீடு, அகலமான ரோடு, அஞ்சாறு சென்ட் இடம் என்றால் பெரும்பாலும் இடிக்கத்தான் வாங்குகிறார்கள். அங்கே தங்குவதற்காகப் போராடி என் மனதுக்கு நியாயமான பலன் கிடைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இருப்பதென்று முடிவானால் முதலில் செய்ய வேண்டியது, புதியவர் பெயருக்குக் கிரயம் ஆனதைக் காகிதத்தில் பார்ப்பது. யாரோ வந்து "நான்தான் புது ஓனர், இனிமே எனக்கு அனுப்புங்க" என்றதும் வாடகையை மாற்றி அனுப்பாதீர்கள். கிரயப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள், அல்லது பழைய ஓனரிடம் "இன்ன தேதியிலிருந்து வாடகையை இன்னாருக்குக் கொடுக்கவும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அண்ணன் தம்பி தகராறு மாதிரி யாருக்குக் கொடுப்பது என்றே குழப்பமாக இருந்தால், வாடகையை வாடகை அதிகாரியிடம் செலுத்திவிடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் வாடகையை நிறுத்திவைக்காதீர்கள். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் பாக்கி என்ற ஒன்று வந்துவிட்டால் அதுவே வெளியேற்றும் காரணமாகிவிடும்.

அடுத்தது அட்வான்ஸ். வேறாக ஒத்துக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். நம் ஊரில் அஞ்சு மாதம், பத்து மாதம் என்றெல்லாம் வாங்குகிறார்கள். அவ்வளவு பெரிய தொகையைப் பழையவர் வைத்துக்கொண்டாரா, விலையில் கழித்துப் புதியவரிடம் கொடுத்தாரா என்று பின்னால் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். கிரயத்துக்கு முன்பே, அட்வான்ஸ் தொகை இவ்வளவு, அதைத் திருப்பித் தர வேண்டியவர் இன்னார் என்று இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். புது ஒப்பந்தம் போடும்போது, ஏற்கெனவே கொடுத்த அட்வான்ஸ் தொடர்கிறது என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

பேசிக் கிளம்புவது

எழுத்து வலுவில்லாத குடும்பங்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, இதுதான் சிறந்த வழி என்பது என் முடிவு. சொன்னதும் தலையாட்டிவிட்டுப் போவதை நான் சொல்லவில்லை. பேச வேண்டும், அதுவும் சரியான நேரத்தில் பேச வேண்டும்.

அந்த நேரம் எது என்று எனக்கு வக்கீல்தான் சொன்னார். வாங்குபவர் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்ட நாளுக்கும், பத்திர ஆபீஸில் கிரயம் முடியும் நாளுக்கும் நடுவில் உள்ள காலம். வாங்குபவருக்குக் கிரயத்தன்று சாவி வேண்டும். ஆள் குடியிருக்கும் வீடு என்றால் தயங்குவார், விலையைக் குறைப்பார். விற்பவருக்குக் காலி வீடு வேண்டும். இருவருக்கும் தேவையானது நம் கையில் இருக்கிறது. கிரயம் முடிந்த மறுநாள் விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார், நம் அட்வான்ஸுக்காக அவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். திருப்பூரில் நான் தவறியது இந்த இடத்தில்தான்.

என்ன கேட்கலாம்? முதலில் தேதி. பிள்ளைகள் படிக்கும் வீடென்றால் ஏப்ரல் கடைசி, மே மாதம் என்று கேளுங்கள். பெரும்பாலான ஓனர்களுக்கும் வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள், புரிந்துகொள்வார்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். "ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி போயிடறோமுங்க" என்றால் அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நாளைக் குறிக்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் பணம். கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வது நல்லது. திரும்பி வர வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறைகிறது, நம் அபாயமும் குறைகிறது. இதை ஓனர் எழுத்தில் ஒத்துக்கொண்ட பிறகே செய்ய வேண்டும், நாமாக வாடகையை நிறுத்தினால் அது பாக்கி. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். ஆனால் விற்பனையில் அந்த ஒரு மாதத்தை ஏற்காதீர்கள். சாவி கொடுக்கும் அதே நேரத்தில் மிச்சம் கைக்கு வர வேண்டும். வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். இடிக்கப் போகும் வீட்டுக்கும், புதியவர் மராமத்து பார்க்கப் போகும் வீட்டுக்கும் அந்தப் பிடித்தம் எதற்கு என்று பணிவாகக் கேளுங்கள். அவர்கள் வசதிக்காக நாம் சீக்கிரம் கிளம்புகிறோம் என்றால் சாமான் ஏற்றும் வண்டிச் செலவையும் கேட்கலாம். கேட்பதில் எந்தக் கேவலமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. "இன்ன தேதியில் காலி செய்துவிடுகிறேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காகிதத்தை நம்பி அவர் விற்பனை பேசிவிட்டால், பிற்பாடு அது உங்களுக்கே எதிரான வலுவான சான்றாகும். காலி செய்யும் தேதியும் பணம் தரும் தேதியும் ஒரே தாளில், இருவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

வீடு பார்க்க வருகிறவர்கள் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு முதல் வாரத்தில் மட்டும் ஒன்பது பேர் வந்தார்கள். மகள் படித்துக்கொண்டிருக்கும்போது அறைக்குள் நுழைந்து ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். உரிமையாளரானாலும் வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்று வாடகைச் சட்டம் சொல்கிறது. நாங்கள் சட்டம் பேசவில்லை. "ஞாயித்துக்கிழமையும் புதன்கிழமை சாயங்காலமும் கூட்டிட்டு வாங்கம்மா" என்று கேட்டோம், சரி என்றார்.

அந்த வீட்டையே வாங்குவது

குடியிருப்பவருக்குத்தான் முதலில் விற்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலொழிய, சாதாரண வீட்டு வாடகைக்கு அப்படி உரிமை கிடையாது. வாடகை மண்ணில் தன் சொந்தச் செலவில் கட்டடம் கட்டிக்கொண்டவர்களுக்கு, 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் மண்ணை விலைக்குக் கேட்கும் வழி உண்டு. அது வேறு கதை, கோயில் நிலங்களுக்கு அதுவும் பொருந்தாது.

உரிமை இல்லாவிட்டாலும் வாய்ப்பு இருக்கிறது. அந்த வீட்டின் சீக்கு நமக்குத்தான் தெரியும். எந்தச் சுவரில் ஓதம் ஏறும், சித்திரையில் போர் தண்ணி நிற்குமா, சிறுவாணித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று எந்தப் புரோக்கரையும் விட நமக்கு நன்றாகத் தெரியும். நடுவில் ஆள் இல்லாததால் கமிஷனும் மிச்சம்.

கணக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். 60 லட்சம் விலை என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரலாம், அதாவது 48 லட்சம். மிச்சம் 12 லட்சம் கையில் வேண்டும். முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 5,40,000. ஆக 17,40,000 ரூபாய் ரொக்கமாக இருந்தால்தான் பேச்சையே தொடங்க முடியும். 48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். இப்போது 14,000 வாடகை கொடுக்கிற குடும்பம் அதைத் தாங்குமா என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவதும் வாங்குபவர் பொறுப்பு.

பெட்டி படுக்கையோடு கிளம்பச் சோம்பல்பட்டு வீடு வாங்காதீர்கள் என்று நான் மனதாரச் சொல்வேன். இந்த வீட்டில் ஒருநாளும் குடியிருந்திராவிட்டால் இதே விலைக்கு இதை வாங்குவோமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் மட்டும் வில்லங்கச் சான்றிதழ், மூலப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி என்று பார்க்கத் தொடங்கலாம். நம் பக்கம் பூர்வீகச் சொத்தில் பெண்பிள்ளைகளின் கையெழுத்து விடுபட்டுப்போவது சாதாரணம். தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பங்கு தரும் திருத்தம் வந்தது, 2005-இல் அது நாடு முழுவதற்கும் ஆனது. ஓனரோடு பழகிய பழக்கத்தில் "அக்காவெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்ற பேச்சை நம்பிவிடாதீர்கள். ஈரோட்டில் என் பெரியம்மா மகன் குடியிருந்த வீட்டையே வாங்கினான். எல்லாம் முடிந்தபின் ஓனரின் தங்கை பங்கு கேட்டு வந்தார். பேசித் தீர்க்க ஒன்றரை வருடம் ஆனது. கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் பதிவு செய்தாக வேண்டும், வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கிரயம் ஆகும்வரை வாடகையையும் மாதாமாதம் கட்டி வாருங்கள்.

எதிர்த்து நிற்பது

இதை நான் முதல் வழியாக யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் கரண்டைத் துண்டித்தால், தண்ணீரை நிறுத்தினால், பூட்டுப் போட்டால் சும்மா இருக்கவும் சொல்ல மாட்டேன். குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் தடுக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் அவற்றைத் திரும்பத் தர உத்தரவிடலாம். வக்கீலுக்குச் செலவழிக்க முடியாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். திருப்பூர் லைன் வீடுகளில் இருக்கும் ஒவ்வொரு அக்காவுக்கும் அண்ணனுக்கும் இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

ஓனர் கட்டாத கடனுக்காக வங்கி வீட்டை ஏலம் விடுவது இன்னொரு வகை. அங்கே உங்கள் வாடகை ஒப்பந்தம் அடமானத்துக்கு முந்தியதா பிந்தியதா என்பதுதான் முக்கியம். கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டினால் ஓனர் சொல்லும் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள்தான் கெடு. அந்தத் தீர்ப்பாயம் கோவையிலேயே இருக்கிறது.

போக்கியத்துக்கு இருப்பவர்கள்

இவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. மூன்று லட்சம், அஞ்சு லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பார்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமாகவோ, நகையை விற்ற பணமாகவோ இருக்கும். 'லீஸ்' என்றும் சொல்கிறார்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட போக்கிய அடமானத்தைப் பதிவுப் பத்திரமாகத்தான் செய்ய முடியும் என்று 1882-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிவு செய்திருந்தால் அது வில்லங்கச் சான்றிதழில் தெரியும், வாங்குபவர் உங்கள் பணத்தைத் தீர்க்காமல் வீட்டைச் சுத்தமாகக் கைக்கொள்ள முடியாது. ஸ்டாம்ப் பேப்பரில் மட்டும் எழுதியிருந்தால் வில்லங்கத்தில் ஒன்றும் தெரியாது. அப்போது உங்களுக்கு இருக்கும் பிடி நீங்கள் அங்கே குடியிருப்பது ஒன்றுதான். ஒருவர் குடியிருப்பது கண்ணுக்குத் தெரியும்போது, அவருக்கு என்ன உரிமை என்று விசாரிக்காமல் வாங்கியவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே போக்கியக்காரருக்கு ஒரே ஒரு வழிதான் பாதுகாப்பானது: பணம் வரும்வரை இருப்பது. "கிரயம் முடிஞ்சதும் அடுத்த வாரம் தர்றேன், நீங்க காலி பண்ணிடுங்க" என்பதற்குச் சரி சொல்லவே கூடாது. விலையில் உங்கள் தொகையைக் கழித்து, வாங்குபவர் உங்கள் பெயருக்கே டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து, கிரயத்தன்று பத்திர ஆபீஸில் வைத்துத் தரட்டும். அங்கேயே சாவியைக் கொடுத்துவிடலாம். பதிவுப் போக்கியமானால் அதை ரத்து செய்யும் ரசீதையும் அன்றே எழுதிவிடலாம்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் பதினோரு மாத ஒப்பந்தம் எப்போதோ முடிந்திருந்தது. வாங்குபவர் தன் மகனுக்காக வாங்கினார், அவர்களே குடிவருவதாக இருந்தது. விலை எங்கள் எட்டத்தில் இல்லை. ஆக இருப்பதும் வாங்குவதும் தள்ளுபடியாகி, பேசிக் கிளம்புவதே எங்களுக்கு மிஞ்சியது. அக்ரிமெண்ட் போட்ட மூன்றாம் நாள் நானும் என் மனைவியும் உரிமையாளரம்மா வீட்டுக்குப் போனோம். காப்பி குடித்துக்கொண்டே பேசினோம். வாங்குபவரையும் அவர் போன் செய்து வரவழைத்தார். மகளுக்குப் பரீட்சை என்றதும் அந்த மனிதர், "பாப்பா எழுதி முடிக்கட்டுங்க, எங்களுக்கு வைகாசியிலதான் நல்ல நாள்" என்றார். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அன்று வெள்ளைத்தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்ட வாசகம் இது:

"சிங்காநல்லூர் மேற்படி வீட்டில் வாடகைக்கு இருக்கும் நாங்கள் ஏப்ரல் 30-ஆம் தேதி வீட்டைக் காலி செய்து சாவி ஒப்படைக்கச் சம்மதிக்கிறோம். மார்ச், ஏப்ரல் மாத வாடகை 22,000 ரூபாயை அட்வான்ஸ் தொகை 80,000 ரூபாயில் கழித்துக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார். மீதம் 58,000 ரூபாயை, வெள்ளையடிக்கும் செலவு பிடித்தம் இல்லாமல், சாவி ஒப்படைக்கும் அதே நேரத்தில் உரிமையாளர் கொடுக்க வேண்டியது. அதற்கு முன் கிரயம் முடிந்தால் மேற்படி தொகையை விலையில் நிறுத்திவைத்துக்கொண்டு, வாங்குபவர் எங்களுக்குக் கொடுக்க வேண்டியது. பணம் கைக்கு வராமல் சாவி ஒப்படைக்க வேண்டியதில்லை. அதுவரை எங்கள் குடியிருப்புக்கோ, தண்ணீர், மின்சாரத்துக்கோ எந்த இடைஞ்சலும் செய்வதில்லை என்று இருவரும் சம்மதிக்கிறார்கள்."

கிரயம் மார்ச் மாதமே முடிந்துவிட்டது. 58,000 ரூபாயை ஏப்ரல் 30 காலையில் வாங்குபவர்தான் கொடுத்தார். தாளின் நகல் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. வேண்டுபவர்கள் இந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஊரையும் தேதியையும் தொகையையும் மாற்றினால் போதும்.